விருந்தாளி வண்டி

லிஃப்ட்காரர் அந்தக் காரை வாங்கியது மூன்று மாதத்துக்குத்தான். கேட்டவர்களிடமெல்லாம் அதைச் சொன்னார், கேட்காதவர்களிடமும் சொன்னார். இருபத்து மூன்று வயதான கார். ஒரு காலத்தில் நீலமாக இருந்திருக்க வேண்டும். விற்றவர் சாவியைக் கையில் திணித்ததும், எங்கே இவர் மனசு மாறிவிடுவாரோ என்று விறுவிறுவென்று நடையைக் கட்டிவிட்டார். விலை ஒரு மாதச் சம்பளம்கூட ஆகவில்லை. “இந்தக் காசுக்கு நல்ல சைக்கிள் வாங்கியிருக்கலாமே” என்றார் எதிர்வீட்டுக்காரர். நாலு மணி நேரம் டயாலிசிஸ் மெஷினில் கிடந்து எழுந்து வருகிற மனைவியை சைக்கிளிலா உட்காரவைத்துக் கூட்டி வருவது? வாய் இருக்கிறது, பேசினார், அவ்வளவுதான்.

லிஃப்ட்காரரின் மனைவி சட்டைத் தொழிற்சாலையில் துணி வெட்டுகிற வேலையில் இருந்தவள். நாற்பது மடிப்புத் துணியை அடுக்கி வெட்டினாலும் ஓரம் நூல் பிசகாது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு வேலை போயிற்று. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி. ஒருநாள் திரும்பும்போது பஸ் நிறுத்தத்திலேயே சுருண்டு விழுந்தாள். மறுவாரம் கார் வந்தது. அவளுடைய அக்கா ஒரு சிறுநீரகம் தருவதாகச் சொல்லியிருந்தாள். பரிசோதனையெல்லாம் முடிய மூன்று மாதம் ஆகும் என்றார்கள். அதன்பிறகு மெஷினும் வேண்டாம், காரும் வேண்டாம்.

“விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சொல்லுவாங்க. நமக்கு ரெண்டும் மூணு மாசம். இருந்துட்டுப் போகட்டும்” என்றாள் அவள். அன்றிலிருந்து காருக்கு விருந்தாளி என்று பேர்.

விருந்தாளியின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். வைப்பர் ஒரு பக்கம்தான் ஓடும். பெட்ரோல் முள் செத்துப்போய்ப் பல வருஷம். ஓட்டுகிறவரின் சீட்டுக்கு அடியில் ஒரு மரக்கட்டை. அது நகர்ந்தால் மனிதர் அப்படியே பின்னால் மல்லாந்துவிடுவார். ஹாரன் இடது பக்கம் திரும்பும்போது மட்டும் அடிக்கும், நாம் கேட்காமலே. இதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிடலாம். சிரிக்க முடியாதது ஒன்று இருந்தது. அவள் உட்காரும் பக்கத்துக் கண்ணாடி முதல் மாதமே கதவுக்குள் சரிந்து விழுந்துவிட்டது. லிஃப்ட்காரர் அதை மேலே இழுத்து, ஒரு மர ஆப்பைச் செருகி நிறுத்திவைத்தார். அதோடு சரி. மழை உள்ளே வராது, காற்றும் வராது.

மெஷினிலிருந்து எழுந்து வரும்போது அவளுக்கு வயிற்றைப் புரட்டும். காருக்குள்ளோ பெட்ரோல் வாடை. புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு வருவாள்.

“இந்தக் கண்ணாடிய மட்டும் பாருங்களேன்” என்று ஒருதரம் கேட்டாள்.

“போகப்போற வண்டிக்கு எதுக்கும்மா? இன்னும் ரெண்டு மாசம். பல்லைக் கடிச்சுக்கோ.”

இன்னொரு தரமும் கேட்டாள். அதே பதில். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

மனுஷனுடைய புத்தியைப் பாருங்கள். இவருக்கு ரிப்பேர் செய்வதுதான் பிழைப்பே! ஊரிலுள்ள அடுக்குமாடிகளில் பாதிக்கு லிஃப்ட் பராமரிப்பு இவர் கை. ஒருதரம் உடன் வேலை செய்கிறவர் ஒருவர், கதவு சரியாக மூடாத லிஃப்டில் ஒரு துண்டு ஒயரைக் கட்டி, “இன்னைக்கு ஒருநாள் ஓடட்டும், நாளைக்குப் பாத்துக்கலாம்” என்று கிளப்பிவிட்டார். கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாக லிஃப்டை ஏமாற்றுகிற வேலை அது. லிஃப்ட்காரர் ஏழு மாடி ஏறிப்போய் அந்த ஒயரைப் பிய்த்து எறிந்தார். “லிஃப்டுல தற்காலிகம்ங்கற பேச்சே கிடையாது. செஞ்சா முழுசா செய், இல்லாட்டி நிறுத்திவை” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினார். அப்படிப்பட்டவர்தான் தன் காரை ஆப்பும் கட்டையுமாக ஓட்டினார்.

கஞ்சத்தனம் என்று தெரு பேசியது. கஞ்சத்தனம் இல்லை. வண்டியைச் சரிசெய்தால் வண்டி நிலைத்துவிடும், வண்டி நிலைத்தால் மெஷினும் நிலைத்துவிடும் என்று அவருக்குள் ஒரு பயம் உட்கார்ந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

மூன்று மாதம் முடிந்தபோது அக்காவுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. அவளிடமிருந்து எடுக்க முடியாது என்றுவிட்டார்கள். சரி, காத்திருப்போர் பட்டியலில் பேரை எழுதினார்கள். இன்னும் ஆறு மாதம் என்றார் லிஃப்ட்காரர். ஆறு மாதம் ஒரு வருஷமானது, ஒரு வருஷம் ஒன்றரை ஆனது. செல்போன் அடிக்கும்போதெல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்தோ என்று திடுக்கிட்டு எடுப்பார். எங்கேயோ நாலாவது மாடியில் லிஃப்ட் நின்றுவிட்டதாக இருக்கும். கராஜ் மெக்கானிக் மட்டும் பார்க்கும்போதெல்லாம் விடாமல் கேட்பார்.

“அண்ணே, விருந்தாளி இன்னும் கிளம்பலையா?”

“கிளம்பும், கிளம்பும். நீ உன் வேலையப் பாரு தம்பி.”

ஒரு வியாழக்கிழமை கிளட்ச் கேபிள் அறுந்தது. அதைப் போடாமல் ஓட்ட முடியாது என்பதால் வண்டியைக் கராஜில் விட்டார். மறுநாள் காலை அவசர அவசரமாக எடுத்துக்கொண்டு வந்து, அவளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடினார். மத்தியானம் கூட்டிப்போக வந்தார். அவள் வழக்கம்போல மெல்ல ஏறி உட்கார்ந்தாள். கார் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியது. அவள் கதவில் கை வைத்து எதையோ சுற்றினாள். கண்ணாடி இறங்கியது. காற்று உள்ளே வந்து அவள் முன்தலை முடியைக் கலைத்தது. அவள் முகத்தை வெளியே திருப்பி ஆழமாக மூச்சை இழுத்தாள்.

லிஃப்ட்காரர் வண்டியை ஓரம் கட்டினார். ஆப்பு இருந்த இடத்தில் ஆப்பு இல்லை.

“யார் வேலை இது?”

“நான்தான் மெக்கானிக் தம்பிக்கு போன் போட்டுச் சொன்னேன். பழைய வண்டியிலேருந்து எடுத்து மாட்டிக் குடுத்தாரு.”

“போகப்போற வண்டிக்கு எதுக்கு இந்த வேலை? நான்தான் சொல்றேன்ல, இன்னும் ரெண்டு மாசத்துல...”

“எத்தனை ரெண்டு மாசங்க?”

பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துவிட்டு விலகிப் போனது.

“பேரை எடுத்துட்டாங்க” என்றாள் அவள். “என் இருதயத்துக்கு அந்த ஆபரேஷனைத் தாங்குற பலம் இல்லையாம். இனிமே பட்டியல்ல நான் கிடையாது.”

“எப்போ?”

“ஆறு பேர் லிஃப்டுல மாட்டிக்கிட்டாங்கன்னு நீங்க வர நேரமாச்சே, அன்னைக்கு. டாக்டர் உங்ககிட்ட சொல்லத்தான் இருந்தாரு. நானே சொல்லிக்கறேன்னுட்டேன்.”

அது நடந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த ஒரு மாதமும் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, வாயையும் பொத்திக்கொண்டு இவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறாள்.

“ஏம்மா சொல்லல?”

“எப்படிச் சொல்றது? சீட்டுக்குக் கீழ கட்டையை வச்சுக்கிட்டு நீங்க நம்பிக்கையா ஓட்டிக்கிட்டு வர்றீங்க. பாத்தா வாய் வரல.” கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினாள். “வரப்போற நாள்ல எனக்கு நல்ல வண்டி வேண்டாங்க. இன்னைக்குக் கொஞ்சம் காத்து வேணும். அவ்வளவுதான்.”

ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு லிஃப்ட்காரர் அழுதார். ஐம்பத்தாறு வயது மனுஷன், பட்டப்பகலில், நடுத்தெருவில். ரெண்டு வருஷத்துக்குக் கிட்ட ஒரு ஆப்பை வைத்து அவள் காற்றை அடைத்தோமே என்றுதான் அழுதார். அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். போவோர் வருவோர் பார்த்துக்கொண்டுதான் போனார்கள். பார்க்கட்டும்.

மறுநாள் சனிக்கிழமை காலை, கராஜ் கதவைத் திறக்கும்போதே லிஃப்ட்காரர் வண்டியோடு நின்றார். மெக்கானிக்கோ, இவர் சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, “அண்ணே, அண்ணி கேட்டாங்க, என்னால மாட்டேன்னு சொல்ல முடியல” என்று முந்திக்கொண்டார்.

“நல்ல காரியம் பண்ணே” என்றார் லிஃப்ட்காரர். “இப்போ எழுதிக்கோ. வைப்பர் ரெண்டும் ஓடணும். சீட்டு நிக்கணும், கட்டை இருக்கக் கூடாது. பெட்ரோல் வாடை எங்கேருந்து வருதுன்னு பாத்து அடை. அவ பக்கத்து சீட்டு சாஞ்சு படுக்கிற மாதிரி வேணும்.”

மெக்கானிக் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து டயரைக் காலால் தட்டினார். “டயர் மொட்டையா இருக்குண்ணே. நம்மகிட்ட ஓரளவு ஓடுன டயர் கிடக்கு, போட்டுடவா? உங்களுக்கு அது போதும்.”

“புதுசு போடு. நாலும்.”

“புதுசா? அது அஞ்சு வருஷம் ஓடும்ணே! இந்த வண்டிக்கு எதுக்கு?”

“அஞ்சு வருஷம் ஓடட்டும் தம்பி” என்றார் லிஃப்ட்காரர். “எனக்கு அஞ்சு வருஷமும் வேணும்.”

மெக்கானிக் ஜாக்கியை எடுத்து வந்து வண்டிக்கடியில் வைத்தார்.

சொன்னபடியே அந்த டயர்கள் அஞ்சு வருஷம் ஓடின. முதல் இரண்டே கால் வருஷம் அவளும் கூட வந்தாள், கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டுக்கொண்டு.