மொட்டைத் தலைக்குச் சந்தனம் மட்டும் போதாது

போன சித்திரையில் திருமலையில் என் ஏழு வயது மகளுக்கு மொட்டை அடித்தோம். வழக்கம்போல் தலை முழுக்கச் சந்தனம் பூசினார்கள். நான் முகத்துக்குப் போடும் சன்ஸ்கிரீனை அவள் தலையிலும் தடவப் போனேன். என் கணவர் தடுத்தார்.

“இன்னாமே, சந்தனம் பூசிக்கினு கீது, அதுக்கு மேல கிரீமா? பொண்ணு இன்னா சினிமாவுல நடிக்கப் போவுதா?”

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் டியூபைப் பையில் போட்டுவிட்டேன்.

கீழே இறங்கி, பிச்சாட்டூர் பஸ்ஸுக்காக உச்சி வெயிலில் நின்றோம். சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. மறுநாள் பிள்ளையின் தலை சிவந்து கொப்புளம் கட்டியிருந்தது. தலையணையில் தலை வைக்க முடியாமல் அழுதாள்.

டாக்டரம்மா திட்டினார்: “சந்தனம் குளிர்ச்சி. வெயில தடுக்காது. முடிக்குள்ளயே இருந்த தோலும்மா இது, எப்படித் தாங்கும்?”

கொப்புளம் ஆறிவிட்டது. என் கோபம் ஆறவில்லை.

இந்த வருடம் கணவருக்கு மொட்டை. சந்தனத்தை நெற்றியோடு நிறுத்தினேன். தலை, காது, பிடரி எல்லாம் சன்ஸ்கிரீன் தடவித் தொப்பியும் மாட்டினேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது மறுபடி தடவினேன். அவரே தலையைக் குனிந்து காட்டினார். நாத்தனார்தான் சிரித்தாள்.

“நல்லா சிரி. அடுத்து உன் புள்ளைக்குத்தான் மொட்ட. அன்னிக்கும் டியூபோட நான் வந்து நிப்பேன்” என்றேன்.