சேலத்தில் வாங்கிய கால்

காலை ஆறு மணிக்குக் கம்பை ஊன்றிப் போய், எடப்பாடியில் கரி எரித்து ஓடும் கரிவாயு பஸ் ஏறினேன். சேலம் இருபத்தைந்து மைல், கட்டணம் ஒன்பதணா. வண்டிச்சக்கரம் ஏறியதில் எனக்கு வலது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. இரண்டு வருஷமாகத் தறி சும்மா கிடக்கிறது. தறிக்குழிக்குள் இருக்கும் மிதிகட்டைகளை மாற்றி மாற்றி மிதிக்க இரண்டு கால் வேண்டும். சர்க்கார் செலவில் மரக்கால் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, போன மாதம் சேலம் போய் அளவு கொடுத்து வந்தேன். இன்று வாங்கும் நாள். அதை நம்பி என் மனைவி நேற்றே தறியில் பாவு நூல் ஏற்றச் செய்துவிட்டாள்.

கொங்கணாபுரம் தாண்டி ஒரு மேட்டில் ஏற முடியாமல் பஸ் நின்றது. எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். "நீங்க உக்காருங்க சாமி," என்றார் கண்டக்டர். பாரத்தோடு பாரமாக உட்கார்ந்திருந்தேன்.

சேலம் ஆஸ்பத்திரியில் பத்தரை மணிக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள். கால் பொருத்துகிறவர் கொண்டுவந்த காலைப் பார்த்துத் திகைத்தேன். அதன் நுனியில் பளபளவென்று தோல் பூட்ஸ், ஆணியடித்து இறுக்கியிருந்தது. தறிக்குழி நாங்கள் தொட்டுக் கும்பிட்டு இறங்கும் இடம். அங்கே தோல் படக் கூடாது.

"இதைக் கழட்ட முடியுங்களா?"

"எதுக்குக் கழட்டோணும்? பூட்ஸா, வெறும் பாதமான்னு அளவெடுத்த அன்னைக்கே கேட்டனே!"

கேட்டார்தான். பெரிய இடத்தில் வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல், "உங்க இஷ்டமுங்க" என்றிருந்தேன். அவரும் நல்லதாகவே கொடுத்திருக்கிறார். யாரை நோவது?

"தறியிலே மிதிக்கோணுங்க," என்றேன், பக்கத்து மேஜையில் இருந்த குமாஸ்தாவிடம்.

அவர் காகிதத்தை இரண்டு பக்கமும் பார்த்தார். "நடக்கிறதுக்குன்னுதான் இதிலே இருக்கு. நடப்பீரா, மாட்டீரா?"

"நடப்பேனுங்க."

"அப்ப கைநாட்டு வையும். சர்க்கார் சொத்து. வெட்டவோ அறுக்கவோ கூடாது."

நான்காம் வகுப்பு படித்தவன், கையெழுத்தே போட்டேன்.

இரண்டு மணிக்கு அதே பஸ். மகுடஞ்சாவடிக்கு அப்பால் மறுபடி நின்றது. கண்டக்டர் என் காலைப் பார்த்தார். "ஏனுங்க, இப்பத்தான் காலு வந்துருச்சே! நீங்களும் இறங்கித் தள்ளுங்க!"

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கம்பை உள்ளே போட்டுவிட்டு, பஸ்ஸின் முதுகில் கைவைத்துப் பத்து எட்டு வைத்து நடந்தேன். திரும்பிப் பார்த்தால் மண்ணில் ஒரு செருப்புத் தடம், ஒரு பூட்ஸ் தடம். யாரோ ஒரு துரையும் நானும் சேர்ந்து நடந்ததுபோல் இருந்தது. சந்தோஷப்படுவதா, கூடாதா என்று ஊர் வரும்வரை விளங்கவில்லை.

ஐந்தரை மணிக்கு வீடு. மனைவி வாசலுக்கே வந்துவிட்டாள்.

"நடந்தேயா வாரீங்க!" என்று சிரித்தவள், குனிந்து பார்த்தாள். "இதோடயா குழிக்குள்ள இறங்குவீங்க?"

செருப்பை வாசலில் கழற்றினேன். பிறகு வாரை அவிழ்த்து, காலையும் கழற்றி அந்த ஒற்றைச் செருப்பின் பக்கத்தில் நிறுத்தினேன். இரண்டும் ஒரு ஜோடியாக நின்றன. உள்ளே பாவு ஏற்றிய தறி தெரிந்தது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, காலையில் புறப்பட்டது போலவே ஒற்றைக் காலில் உள்ளே போனேன்.