ஆம்பளை எழுதினது இல்லை

அன்றைக்கு இருந்தவர்கள்: மாஸ்டர். தப்பால்காரர். முடிவெட்டுகிறவர். பிள்ளைக்காம்பரா ஆயா. நான்.

மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எல்லா வகுப்புக்கும் அவர் ஒருவர்தான். தப்பால்காரர் அக்கரப்பத்தனையில் இருந்து தோட்டத்துக் கடிதப்பையைச் சுமந்து வருகிறவர். முடிவெட்டுகிறவருக்கு வாய் சும்மா இருக்காது. ஆயா, கொழுந்தெடுக்கப் போகிற பெண்களின் கைக்குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிறவள். புருஷன் செத்து நாலு வருஷம். ரெண்டும் பெண் பிள்ளைகள். நான் ஸ்டோரில் ரோலர் மெசினில் நின்றவன். ஸ்டோர் என்றால் எங்களுக்குத் தேயிலை ஆலை. படிப்பு மூணாம் வகுப்பு.

ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு தொழிலாளர் வரிசை வீடுகளில் கடைசி லயத்தில், ஆள் இல்லாத ஒரு காம்பராவில் கூடுவோம். கதவில் கரியால் வாசிகசாலை என்று எழுதியிருந்தது. தப்பால்காரருக்குக் குரல் பெரிது. அவர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்போம். ஆயா கதவோரம் உட்கார்ந்து கிழிந்த துணி தைப்பாள். பேசமாட்டாள்.

வாசிப்பது எல்லாம் துப்பறியும் கதை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது பிறந்து ரெண்டு மூணு வருஷம் இருக்கும். அதுவரைக்கும் இந்தியாவில் இருந்து வந்த கதைதான் படித்தோம். அப்போதுதான் எங்கள் பக்கத்து ஆட்களும் எழுதத் தொடங்கினார்கள். வலப்பனையில் ஒருத்தர். நானுஓயாவில் ரயிலில் வேலை செய்த ஒருத்தர். மெல்லிய புத்தகம், மோசமான காகிதம். ஆனால் கொலை நம்ம ஊரில் நடந்தது.

எனக்குச் சந்தேக புத்தி. கதை என்றாலும் விடமாட்டேன். வலப்பனைக்காரர் ஒரு பிணத்தை ஸ்டோர் அடுப்புக்குள் தள்ளினார். நான் ஹட்டனில் வந்த ஒரு மாதப் பத்திரிகைக்கு ஒரு தபாலட்டை போட்டேன். அடுப்பு வாய் ஒன்றரை அடி, ஆள் போகாது, எழுதினவர் ஸ்டோருக்குள் வந்தவர் இல்லை என்று. அவர்கள் அதை அச்சுப் போட்டு, மாதா மாதம் எழுதச் சொன்னார்கள். நானுஓயாக்காரர் புத்தகத்துக்கு, ரயில் சரி, கொலை தப்பு என்று எழுதினேன். என் எழுத்துப் பிழையை மாஸ்டர் திருத்துவார். பிறகுதான் அனுப்புவேன்.

அப்படி இருக்கும்போது ஒரு புதுப் புத்தகம் வந்தது. எழுதினவர் பேர் ஆம்பளைப் பேர். யாரும் கேள்விப்படாத பேர். கதை ஒரு தோட்டத்தில் நடக்கிறது. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் ஒரு கங்காணி செத்துக் கிடக்கிறான். கொன்றது கணக்கப்பிள்ளை. அந்தக் கணக்கப்பிள்ளை வெயில் நாளிலும் ஈரக்கொழுந்து என்று சொல்லி எடையில் றாத்தலைக் கழிக்கிறவன். கழிக்கும் முன்னே பென்சிலால் இடது காதைச் சொறிவான்.

அந்த வரி வந்ததும் தப்பால்காரர் வாசிப்பை நிறுத்தினார். முடிவெட்டுகிறவர் எழுந்து வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“இந்தக் காதைச் சுத்தி மாசா மாசம் வெட்டுறவன் நான். எனக்குத் தெரியாதா இது யாரு காதுன்னு?”

சிரித்தோம். பிறகு யாரும் சிரிக்கவில்லை. எழுதினவர் எங்கள் தோட்டத்து ஆள்.

அன்றைக்குப் பிடித்தது சந்தேகம். நான் மாஸ்டரைச் சந்தேகப்பட்டேன். அவர் விரலில் எப்போதும் மை இருக்கும். மாஸ்டர் தப்பால்காரரைச் சந்தேகப்பட்டார். தப்பால்காரர் எங்கள் எல்லாரையும் சந்தேகப்பட்டார். யார் எழுதினாலும் தன் பையில்தான் போக வேண்டும், அப்படி ஒரு பொட்டலமும் போகவில்லை, அப்படியென்றால் தன்னை நம்பவில்லை என்று அவருக்குக் கோபம். பை ஆபீசில் பூட்டித் திறக்கிற பை. யாருக்கு என்ன போகிறது என்று ஆபீசுக்குத் தெரியும். எழுதினவருக்கு அதுவும் தெரிந்திருக்கிறது.

எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்கும் சேதி போயிற்று. ஒரு புத்தகம் வாங்கிப் படித்தாராம். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பென்சில் காதுக்குப் போகவில்லை. பாதியில் நின்று சட்டைப் பைக்குப் போயிற்று. எழுதினவன் கிடைத்தால் அன்றைக்கே பத்துச்சீட்டு என்று சொன்னதாகக் கேள்வி. பத்துச்சீட்டு கொடுத்தால் வேலை போகும், வேலையோடு காம்பராவும் போகும்.

நான் புத்தகத்தை மறுபடி ஒருதரம் எழுத்துக்கூட்டிப் படித்தேன். இந்தக் கதையில் எனக்குப் பிழை கிடைக்கவில்லை. துப்பு நல்ல துப்பு. பத்து மணிக்குக் கைப்பிள்ளைக்காரிகள் கூடையை மலையிலேயே வைத்துவிட்டுப் பால் கொடுக்க இறங்குகிறார்கள். அந்த நேரம் பார்த்து மழை. திரும்பிப் போய்ப் பார்த்தால் எல்லாக் கூடையும் நனைந்திருக்கிறது, ஒன்று மட்டும் காய்ந்திருக்கிறது. அந்தக் கூடைக்காரி மலையில் வைக்கவில்லை, மடுவத்துக்குக் கொண்டு போயிருக்கிறாள், கொலையைப் பார்த்திருக்கிறாள்.

அப்போதுதான் ஒன்று பட்டது. கதை முழுக்க நேரம் சொல்வது பால் நேரத்தை வைத்து. முதல் பாலுக்கு முன்னே, முதல் பாலுக்குப் பின்னே. ஸ்டோர் சங்கு ஒரு இடத்திலும் ஊதவில்லை. நாங்கள் ஆம்பளைகள் சங்கு கேட்டு எழுந்து சங்கு கேட்டுப் படுக்கிறவர்கள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எழுதினேன். “இது ஆம்பளை எழுதினது இல்லை. ஆம்பளைக்கு நேரம் சங்கில் இருக்கிறது. இதை எழுதினவள் ஒரு பிள்ளைக்காம்பராவில் இருந்து எழுதியிருக்கிறாள்.” மாஸ்டரிடம் காட்டவில்லை. அவர் எனக்குத் திருத்துகிற மாதிரி அவளுக்கும் திருத்திக் கொடுத்திருப்பார் என்று சந்தேகம். காட்டினால் அந்த வரியை அடித்துவிடுவார் என்று நினைத்தேன். பிழையோடு அனுப்பினேன்.

எந்தப் பிள்ளைக்காம்பரா என்று நான் யோசிக்கவே இல்லை. எழுத்துக்காரி என்றால் எங்கேயோ இருக்கிறவள். கதவோரம் துணி தைக்கிறவள் இல்லை. அவளுக்குத் தன் பேர் எழுதத் தெரியும் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன்.

பத்திரிகை வந்த ஞாயிற்றுக்கிழமைதான் நான் முதலில் சொன்ன அந்த நாள். தப்பால்காரர் என் விமர்சனத்தை உரக்க வாசித்தார். முடிவெட்டுகிறவர் என் முதுகில் தட்டி, சிஐடி வேலைக்குப் போயிருக்கலாம் என்றார். ஆயா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

“அண்ணே, கதையில யாரு கொன்னாங்கன்னு கண்டுபுடிச்சா போதாதா? யாரு எழுதுனாங்கன்னும் கண்டுபுடிக்கணுமா?”

ஆயா துணியைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனாள்.

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். “நீர் ஏன் இதை எனக்குக் காட்டேல்லை?”

உங்களைச் சந்தேகப்பட்டேன் என்றேன். அவர் சரி என்றார். தனக்கும் தெரியாது என்றார். அதையும் நான் உடனே நம்பவில்லை.

செவ்வாய்க்கிழமை ஸ்டோருக்கு ஆள் வந்தது. ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். போகிற வழியில் பிள்ளைக்காம்பரா. தொட்டில் துணிகள் ஆடின. அவள் வெளியே வரவில்லை. தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா ஒன்றுதான். எழுத்துத் தெரிந்த ஆயாவும் ஒன்றுதான். கணக்கப்பிள்ளை அவளிடம் போய்ச் சேர இனி ஒரு அடிதான் பாக்கி. அந்த அடியை நானே வைத்துக் கொடுத்திருக்கிறேன். அவளுக்கு வேறு ஊர் இல்லை. பிரஜாவுரிமைக் காகிதமும் இல்லை. ரெண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எந்த லயத்தில் போய் நிற்பாள்? எனக்கு ஸ்டோரில் இருபது வருஷம். பெண்டாட்டி பிள்ளை இல்லை. தொழிற்சங்கத்தில் பேர் இருந்தது. என்னை அவ்வளவு சீக்கிரம் வெட்ட முடியாது. நடக்கும்போது இவ்வளவும் யோசித்தேன். தூரம் கொஞ்சம்தான்.

பெரிய துரை மேசையில் இருந்தார். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. கணக்கப்பிள்ளை நின்றார். மேசையில் புத்தகமும் பத்திரிகையும்.

கணக்கப்பிள்ளை, எந்தப் பிள்ளைக்காம்பரா என்று கேட்டார்.

நான் சொன்னேன். “பிள்ளைக்காம்பராவும் இல்லைங்க, ஒண்ணும் இல்லைங்க. கதையை எழுதுனது நான்தாங்க.”

“ஆம்பளை எழுதினது இல்லைன்னு நீயே போட்டிருக்கியே?”

“என்னையத் தேடக் கூடாதுன்னுதாங்க போட்டேன்.”

அவர் துரையைப் பார்த்தார். துரை புத்தகத்தைப் புரட்டினார். அவருக்கு அது வெறும் கறுப்புக் கோடு. கணக்கப்பிள்ளை விடவில்லை. முன்னே ரெண்டு பேர் புத்தகத்தைக் கிழித்து எழுதினவன், தன் புத்தகம் என்றால் ரெண்டு வரி புகழ்ந்திருப்பான், இதில் புகழ்ச்சியே இல்லையே என்று கேட்டார். உண்மை. நான் பிழை இல்லை என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். எனக்கு அதுதான் புகழ்ச்சி.

“அவ்வளவு நல்லா வரலைங்க. அதான்.”

துரை சிரித்துவிட்டார். கணக்கப்பிள்ளை சிரிக்கவில்லை. கதையில் காய்ந்த கூடை யாருடையது என்று கேட்டார். சொன்னேன். மழை எத்தனை மணிக்கு என்றார். முதல் பாலுக்குப் பின்னே என்றேன். என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பென்சில் காதுக்குப் போய்விட்டது. அவருக்கே தெரியாமல்தான் போயிருக்கும். துரை அதைப் பார்த்தார். புத்தகத்தில் அந்த இடம் இருப்பதை யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பத்துச்சீட்டு தரவில்லை. ஸ்டோரில் இருந்து என்னை எடுத்து மலைக்குப் போட்டார்கள். முள்ளுக்குத்து. நாலு பல்லு முள்ளால் மண்ணைக் குத்திப் புரட்டுகிற வேலை. மழைக் காலத்தில் அட்டைக்கடி. நான் பென்சன் போகும்வரை அதுதான்.

கணக்கப்பிள்ளை நம்பவில்லை. ஒரு மாதத்துக்குப் பத்து மணி ஆனால் பிள்ளைக்காம்பரா வாசலில் வந்து நின்றார். அவள் கையைத்தான் பார்ப்பாராம், மை இருக்கிறதா என்று. அவர் தலை தெரிந்ததும் அவள் கைக்கு ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொள்வாளாம். கொழுந்துக்காரிகள் சொல்லிச் சிரித்தார்கள். ஏன் தூக்குகிறாள் என்று அவர்களுக்குத் தெரியாது. நாங்கள் நாலு பேரும் சொல்லவில்லை. முடிவெட்டுகிறவரும் சொல்லவில்லை. அதை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை.

அவள் என்னிடம் நன்றி சொல்லவில்லை. நான் கேட்கிற நிலையில் இல்லை. பிறகு வாசிகசாலைக்கு வந்தாள், அதே கதவோரம். எப்படி அனுப்பினாள் என்று ஒருதரம் கேட்டேன். திருவிழாவுக்கு ஹட்டன் போனபோது முந்தானைக்குள் வைத்துக் கொண்டு போனாளாம். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஆம்பளைப் பேரில் பிறகும் கதை வந்தது. கணக்கப்பிள்ளையும் வாங்கிப் படித்தார் என்று தெரியும். காது இல்லை, பென்சில் இல்லை. கொலை எல்லாம் கண்டியில், கொழும்பில் நடந்தது. பால் நேரமும் இல்லை. எல்லாக் கதையிலும் சங்கு ஊதியது, மணி அடித்தது. பிழை இல்லை. ஆனால் முதல் கதை மாதிரி இல்லை. எழுதியிருந்தால் அதையும் எழுதியிருப்பேன். எழுதவில்லை. விமர்சனம் எழுதுவதையே விட்டுவிட்டேன்.

அவள் புத்தகங்கள் என் தகரப்பெட்டியில் இருக்கின்றன. எழுதினவள் இப்போது இல்லை. நேற்று எடுத்து வெயிலில் போட்டு எண்ணினேன்.

ஏழு.