மாப்பிள்ளை பார்த்த சி.பி.யூ.

எங்கள் வீட்டில் மிக்ஸியோ கட்டிலோ, எது வாங்கினாலும் மூத்த மாப்பிள்ளை வந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அக்காவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அப்பா இதைச் சாமி காரியம்போல நடத்திவந்தார். அத்தானும் சளைக்காமல் வந்து பார்ப்பார். அவர் பார்த்து வாங்கிய கிரைண்டரில் மாவு அரைபடுவதற்குள் அடுத்த வேளைப் பசி வந்துவிடும். குறை சொன்னால் அப்பாவுக்கு முகம் கறுத்துப்போகும். அதனால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு பசியோடு இருந்தோம்.

ஐப்பசியில், துலாவர்ஷ மழையில் ஒரு மத்தியானம் என் கம்ப்யூட்டரின் சி.பி.யூ. பெட்டி கருகிப்போனது. கரண்டு ப்ளக்கைப் பிடுங்கித்தான் வைத்திருந்தேன். இடி, இன்டர்நெட்டுக்காக மாட்டியிருந்த டெலிபோன் வயர் வழியாக வந்துவிட்டது. திறந்து பார்த்த ரிப்பேர்க்காரர், இதில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வேறு பெட்டி வாங்குங்கள் என்றார்.

எனக்கு அது பொழுதுபோக்குச் சாமான் இல்லை. பழவங்காடிப் பக்கம் ஒரு அச்சகத்துக்குத் தமிழ்க் கல்யாணப் பத்திரிகைகளை வீட்டிலிருந்தே டைப் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். கார்த்திகை முகூர்த்தங்கள் வரிசையாக நின்றன. நான் கைவிரித்தால் அச்சகக்காரர் நாகர்கோவிலில் ஆள் பார்த்துக்கொள்வார், பிறகு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அந்த வேலை போனால் வீட்டில் எனக்கு மிச்சமிருப்பது பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காப்பி கொடுப்பது மட்டும்தான்.

என் தமிழ் எழுத்து மென்பொருளுக்கு ஒரு பூட்டு உண்டு. தீப்பெட்டி அளவு இருக்கும். சி.பி.யூ.வின் பின்பக்கம், பழைய பிரிண்டர் வயர் மாட்டுகிற அகலமான இடத்தில் அதைச் செருகினால்தான் தமிழ் வரும். அப்போது வந்துகொண்டிருந்த சில புது மாடல்களில் அந்த இடத்தையே எடுத்துவிட்டிருந்தார்கள். அந்த இடம் இல்லாத பெட்டி எனக்கு அம்மிக்கல்; அம்மியிலாவது சட்னி அரைக்கலாம். இதை அப்பாவிடம் சொன்னேன், அத்தானிடமும் சொன்னேன். இருவரும் தலையாட்டினார்கள்.

ஸ்டாச்சு ஜங்ஷன் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு மூவரும் போனோம். அத்தான் பலாப்பழம் வாங்குகிறவர்போல ஒவ்வொரு பெட்டியாக விரலால் தட்டிப் பார்த்தார். முன்பக்கம் நீல விளக்கு எரிந்த ஒரு கறுப்புப் பெட்டியின் முன் நின்றார்.

"இது மதி, இது போதும். காணவே ஒரு ரசம் உண்டு, கேட்டோ. நம்ம பிள்ளை வந்தா கேமும் விளையாடலாம்."

நான் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். "அத்தான், இதுல என் பூட்டு மாட்ட இடமில்ல."

"அதெல்லாம் பழைய ஏர்ப்பாடு. இப்ப யாரு அதை வைக்கா?"

"ஒரு கன்வெர்ட்டர் வெச்சால் மதி, சேச்சி" என்றான் கடைக்காரன். அச்சகத்தில் அதை மாட்டிப் பார்த்தாயிற்று. பூட்டு அதற்கு மசியாது. மூலையில் பழுப்பேறிய வெள்ளையில் ஒரு தடித்த பெட்டி இருந்தது, எனக்கு வேண்டிய இடம் அதன் முதுகில் இருந்தது. அதை எடுக்கச் சொன்னேன்.

அத்தான் சிரித்தார். "அரிசிப் பெட்டி மாதிரி இருக்கு. எதுக்கு இந்த வீம்பு? கல்யாணம் வரைக்கும் நேரம் போகணும், அவ்வளவுதானே."

"மாப்பிள்ளை சொன்னா அதில ஒரு காரியம் இருக்கும்" என்றார் அப்பா. "வாயை மூடிட்டு நில்லு."

என் சம்பாத்தியத்தில் வாங்குகிற பெட்டி. உச்சந்தலை வரை எனக்குச் சூடேறியது. கடை முழுக்கக் கேட்கட்டும் என்று மலையாளத்திலேயே சொன்னேன்: "இது வேண்டா. ஆ மூலயிலே உள்ளது மதி." பிறகு அத்தான் பக்கம் திரும்பினேன். "உங்க வீட்டுக்கு வாங்கும்போது நீங்க பாருங்க."

அவர் வெளியே போய் ஸ்கூட்டரை உதைத்தார். அப்பா வேட்டியைப் பிடித்துக்கொண்டு "மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்று பின்னால் ஓடினார். எனக்கு இரக்கம் துளியும் வரவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வீடு வந்தேன்.

மறுநாள் அக்கா வந்தாள். நான் ஒரு பத்திரிகை டைப் செய்துகொண்டிருந்தேன். அவள் உட்காரவில்லை.

"அவரைக் கடையில வெச்சு நாணங்கெடுத்திட்டியே. இனி இந்த வீட்டுப் படி ஏற மாட்டேங்காரு."

"ஏறாண்டாம்" என்றேன். கோபம் இன்னும் ஆறியிருக்கவில்லை. "உன் வீட்டில ஒரு கரண்டியாவது நீ பார்த்து வாங்கினது உண்டாக்கா?"

அவள் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"இல்ல. எனக்குக் கிடைக்காதது உனக்கு மட்டும் என்னத்துக்குடி?"

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.