மாத்திரைக்கு அடங்காத சாக்கு

தேவர்சோலைப் பக்கத்து எஸ்டேட் டிஸ்பென்சரியில் வாரம் ஒரு நாள் மனநல ஓ.பி. பார்க்கும் நர்ஸாக இருந்தேன். தேயிலை விலை விழுந்து ஃபேக்டரியைப் பூட்டியிருந்த காலம். ஒரு நாள் காலையில் ஜீப்பை விட்டு இறங்குவதற்குள் பவளம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ்ஸி, வியாதியிலதான் செஞ்சாருன்னு தொரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. இல்லாட்டி எங்களை லயத்தை விட்டு எறக்கிருவாங்க."

இலங்கையிலிருந்து வந்த குடும்பம். நர்ஸை மிஸ்ஸி என்பார்கள், மேனேஜரைத் தொரை என்பார்கள், லைன் வீட்டை லயம் என்பார்கள். அவள் கணவர் செல்வராஜ் என் பேஷண்ட். காதில் குரல் கேட்கும் வியாதி.

அவர் செய்தது இதுதான். பூட்டிய ஃபேக்டரிக்குள் புகுந்து, இலை வாட்டும் ஃபேன் மோட்டாரைப் பிரித்து, செம்புக் கம்பியை உருவிவிட்டார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிக் கழித்த குச்சிகளை விறகுக்கு எடுத்துப்போக எல்லோருக்கும் அனுமதி உண்டு. வாட்ச்மேன் அந்தக் கட்டுகளைப் பிரித்துப் பார்ப்பதில்லை. அந்தக் கட்டுக்குள் கம்பியை வைத்துத் தூக்கி வந்தவருக்குப் பைப்படியில் கட்டு அவிழ்ந்து, தண்ணீர் பிடிக்க நின்ற அத்தனை பேர் முன்னாலும் கொட்டிவிட்டது. மோட்டார் இல்லாமல் ஃபேக்டரியை எப்படித் திறப்பார்கள் என்று லைனே கொதித்துப் போயிருந்தது.

செல்வராஜைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டேன்.

"குரல் எடுக்கச் சொல்லுச்சுங்களா?"

"அதுதான் ஊசி போட்டதுல இருந்து கேக்கலையே மிஸ்ஸி."

"அப்புறம் எதுக்குங்க எடுத்தீங்க?"

"சும்மா கெடந்து துருப்பிடிக்கிற சாமான்தானே? கம்பெனி எங்க வயித்துல அடிச்சா அது நஷ்டம், நான் எடுத்தா திருட்டா? நீங்க வியாதின்னே சொல்லிருங்க. மாத்திரை தின்னுறவனை யாரு கேப்பா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வியாதி என்று நான் சொன்னால் வீடு தப்பும். ஆனால் என்னிடம் மருந்து வாங்கும் மற்றவர்களையெல்லாம் நாளைக்கு எஸ்டேட்டே திருடன் என்று பார்க்கும். இவருக்கும் அந்தச் சாக்கு பழகிவிடும்.

"நான் பொய் சொல்ல மாட்டேனுங்க. நீங்களே வந்து சொல்லுங்க, நான் கூட நிக்கறேன்" என்றேன்.

பவளத்தையும் கூட்டிக்கொண்டு மேனேஜர் ஆபீசுக்குப் போனோம். அவர் கோயமுத்தூர்க்காரர். "ஏனுங்க சிஸ்டர், வியாதிங்களா, திருட்டுங்களா?"

"வியாதி இருக்குதுங்க, வைத்தியமும் நடக்குதுங்க. இது அதனால இல்லீங்க. மிச்சத்தை அவரே சொல்லட்டுங்க."

பவளம் என்னை முறைத்தாள். செல்வராஜ், "கம்பெனி நஷ்டம்னு..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார்.

"நான்தாங்க எடுத்தேன். தெரிஞ்சுதான் எடுத்தேன்."

பவளமும் கொழுந்து எடுப்பவள் என்பதால் வீட்டை விட்டுவைத்தார்கள். செல்வராஜ் அதற்குப் பிறகு ஃபேக்டரிப் பக்கம் போகக்கூடாது என்றார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். குரலை மருந்து நிறுத்தும். எடுத்தால் என்ன தப்பு என்கிற நினைப்பு வியாதி இல்லாதவர்களுக்கும் வரும். அதை உட்கார்ந்து பேசித்தான் கரைக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கினால் பேஷண்டுக்குத்தான் கேடு. ஊசி போட வரும்போதெல்லாம் செல்வராஜோடு அந்த நினைப்பைப் பற்றியும் பேசினேன்.

சில மாதம் கழித்து, ஓ.பி. முடிந்து கிளம்பும் நேரத்தில் அவர் வந்து வாசலில் நின்றார்.

"மிஸ்ஸி, ஆபீசுக்குப் பின்னால பழைய பம்ப்செட் ஒண்ணு கெடக்கு. எடுத்தா என்னன்னு ரெண்டு நாளா தோணுது. குரல் இல்ல மிஸ்ஸி, நானேதான்."

டிரைவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.