கத்தரியக்கா வெட்டிய ஓட்டைகள்

கத்தரியக்காவிடம் வாயைக் கொடுத்துவிட்டுச் சும்மா திரும்பியவர்கள் அந்தக் கடைத்தெருவில் ஒருவரும் இல்லை. காருக்குச் சீட் கவர் தைப்பது அவள் தொழில். கத்தரி எப்போதும் கையில் இருந்ததால் அந்தப் பெயர் வந்தது என்று அவள் சொல்வாள். நாக்கினால் வந்தது என்று தெரு சொல்லும். சின்ன வயதில் அண்ணன் அவளுடைய மிட்டாயை எடுத்துத் தன் சட்டைப் பையில் ஒளித்து வைத்துக்கொண்டபோது, அழவில்லை, அம்மாவிடம் போய்ச் சொல்லவில்லை. அவர் அயர்ந்து தூங்கும்போது பையின் அடியைக் கத்தரித்துவிட்டாள். மிட்டாயோடு அவருடைய பேனாவும் பஸ் காசும் கீழே விழுந்தன.

அந்த அண்ணனின் கடையில்தான் இப்போது வேலை. முன்பக்கம் ஹாரன், வாசனை டப்பா, ஸ்டீயரிங் உறை என்று எல்லாம் கண்ணாடி அலமாரியில் பளபளக்கும். பின்பக்கம் தகரக் கூரை போட்ட அறை. அங்கே ரெக்சின் சுருள்களுக்கும் பஞ்சு மூட்டைகளுக்கும் நடுவில், பசை வாசனையில், கனத்த துணி தைக்கும் பெரிய மெஷினுக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருப்பாள். ஒரு காரின் சீட்டை ஒருமுறை தடவிப் பார்த்தால் போதும், அளவு கையில் நின்றுவிடும்.

கடையைத் தாண்டியதும் பெரிய ரோடு முடிந்து கிராமத்து ரோடு தொடங்குகிறது. அவள் கணவர் பால்வண்டி ஓட்டுகிறவர். தினமும் அந்த வழியில் போய் வருகிறவர். எதிரில் ஒரு வண்டி வந்தால் ஒருவர் மண்ணில் இறங்கியே ஆக வேண்டும். வளைவுக்கு அப்பால் மாடு நிற்கலாம், டிராக்டர் நிற்கலாம், வெயிலுக்குக் காயப்போட்ட தானியமும் கிடக்கலாம். விளக்குக் கம்பம் என்ற பேச்சே கிடையாது. "ரோடு காலியா இருக்கேன்னுதான் எல்லாரும் மிதிக்கிறாங்க. அங்க விழுந்தா ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள ஊரே வந்து பாத்துட்டுப் போயிடும்" என்பார் அவர், சோற்றைப் பிசைந்துகொண்டே. அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் அவள் மறுநாள் வேலைக்கு வருவாள்.

இடிபட்ட கார்களை ஒர்க்‌ஷாப்பில் தகரம் நிமிர்த்திப் பெயின்ட் அடித்துக் கடைசியாக உடுப்பு மாற்ற அவளிடம் அனுப்புவார்கள். பழைய கவரை உரித்தால் முன்சீட்டின் முதுகில் பள்ளம் இருக்கும். பின்னால் உட்கார்ந்திருந்தவரின் முழங்கால் போய் இடித்த இடம் அது. முன்னால் இருந்தவர் பெல்ட் போட்டிருப்பார். பெல்ட் போடாத பின்சீட்டுக்காரர் பறந்து வந்து அவர் முதுகிலேயே விழுந்திருப்பார். அப்படி எத்தனையோ பள்ளங்களில் அவள் பஞ்சு வைத்துத் தைத்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் வாய்க்குள் திட்டிக்கொண்டே தைப்பாள். இரக்கம் பாதி, கோபம் பாதி.

இந்த நிலையில்தான் 'சோபா கவர்' மோகம் வந்தது. பின்சீட்டை வீட்டு சோபா போல ஒரே மெத்தையாக மூடித் தைப்பது. பெல்ட்டை மாட்டும் பூட்டுகள் நிமிர்ந்து நின்றால் உட்காருகிறவர்களுக்குக் குத்துகிறதாம். அவற்றை அமுக்கி உள்ளே தள்ளி, மேலே மெத்தையைப் போட்டுவிட்டால் வழவழவென்று இருக்குமாம். முதல் ஆளாக வந்தவர் மில்லுக்காரர். அண்ணனின் கடைக்கு அவர் வருவதென்றால் நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். கத்தரியக்கா அவர் கேட்டபடியே சிவப்பு நூலில் கட்டம் கட்டமாகத் தைத்தாள். கடைசியில் பூட்டுகள் இருக்கும் இடத்தைத் தடவிப் பார்த்துக் கத்தரியை வைத்து, பூட்டுக்கு ஒன்றாகப் பிளந்து, பூட்டுகளை வெளியே இழுத்துவிட்டாள்.

வண்டியை எடுக்க வந்தவருக்கு முகம் சுண்டிவிட்டது.

"என்னம்மா இது? பட்டு மாதிரி கேட்டேன், எலி கடிச்ச மாதிரி குடுத்திருக்கே?"

"எலி கடிக்கல சார், நான்தான் கடிச்சேன். பூட்டு வெளிய வரணும்ல?"

"பின்னாடி யாரு பெல்ட் போடறா?"

"யாரும் போடறதில்ல. அதனாலதான் எனக்கு வேலைக்குப் பஞ்சமே இல்ல."

"நான் வேகமா ஓட்டறதே கிடையாது. தெரியுமா உனக்கு?"

"எதிர்ல வர்றவரு உங்களைக் கேட்டுட்டா ஓட்டறாரு?"

அண்ணன் நடுவில் புகுந்து கையைப் பிசைந்தார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. புதுசாவே தைச்சுத் தந்துடறோம், ஓட்டை இல்லாம."

"யாரு தைக்கறது?" என்று கேட்டாள் தங்கை.

அவ்வளவுதான். மில்லுக்காரர் போனதும் தகரக் கூரை அதிர்ந்தது. காசு கொடுக்கிறவன் சொன்னதைத் தைப்பதுதான் தொழில், புத்தி சொல்வதற்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று அண்ணன் கத்தினார். அவள் கத்தவில்லை. கத்தரியில் ஒட்டியிருந்த பஞ்சைத் துடைத்துக்கொண்டே, "என் கையால மூட மாட்டேன். என்ன வேணா பண்ணிக்கோ" என்றாள். அவளைப் போகச் சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. கூடப் பிறந்தவளாயிற்றே. பக்கத்துத் தெருவிலிருந்து மெத்தை தைக்கிறவரைக் கூட்டிவந்து பெரிய மெஷினில் உட்கார வைத்தார். தங்கையை ஸ்டீயரிங் உறையும் கழுத்துத் தலையணையும் தைக்கச் சொன்னார். பெரிய மெஷினை அடுத்தவர் மிதிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளுக்கு நெருப்பின் மேல் இருப்பது போல இருந்தது. இருந்தும் வாய் ஓயவில்லை. உறையை வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும், "பின்சீட்டுல பெல்ட் பூட்டு இருக்கா, இல்ல மெத்தைக்கடியில தூங்குதான்னு பாத்துக்கோங்க" என்று சொல்லித்தான் கொடுப்பாள்.

அண்ணனுக்கும் அவளுக்கும் தீராத இன்னொரு வழக்கு, கல்லா மேசையில் இருந்த கண்ணாடி ஜாடி. அதற்குள் பெல்ட்டின் முனையில் இருக்கும் தகட்டு நாக்கைப் போலவே தனித்தனியாகச் செய்த கிளிப்புகள். பெல்ட் போடாவிட்டால் கார் கீங் கீங் என்று கத்துமே, அதன் வாயை அடைக்க இதை வாங்கிப் பூட்டில் செருகிவிடுவார்கள். கடையில் மிட்டாய் போல வேகமாகப் போகிற சரக்கு அதுதான். "போடாதவனைத் திட்டறதுக்குன்னு வெச்ச மணி அது. நீ அதோட கழுத்தை நெரிச்சு விக்கறே" என்பாள் அவள். "நான் விக்கலேன்னா எதிர்க்கடைல விப்பான்" என்பார் அவர். சில்லறை வியாபாரத்தில் இதற்குமேல் தர்க்கம் கிடையாது.

அண்ணனின் மகள் நர்ஸ் வேலைக்குப் படித்தவள். கிராமத்து ரோட்டின் கடைசியில் இருக்கும் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. மகளைக் கொண்டுபோய்க் குடிவைக்க அண்ணன் புதிதாக வாங்கியிருந்த காரை எடுத்தார். மெத்தைக்காரர் தைத்த சோபா கவர் அதற்கும் ஏறியிருந்தது. "அத்தை வராம நான் கிளம்ப மாட்டேன்" என்று அந்தப் பெண் அடம் பிடித்ததால் கத்தரியக்காவுக்கும் அழைப்பு வந்தது.

காலையில் கடை வாசலிலிருந்தே கிளம்பினார்கள். டிக்கி நிரம்பி, மூட மறுத்து, கடைசியில் மூன்று பேர் அமுக்கி மூடினார்கள். குக்கர், பாத்திரங்கள், அரிவாள்மனை எல்லாம் கட்டிய சாக்குமூட்டை ஒன்று மட்டும் மிஞ்சியது. பின்சீட்டில் காலடியில் இருக்கட்டும் என்றார்கள். அண்ணன் ஸ்டீயரிங்கைப் பிடித்தார், மகள் பக்கத்தில். பின்னால் அண்ணன் முதுகுக்கு நேரே அண்ணி, மகள் முதுகுக்கு நேரே கத்தரியக்கா. உட்கார்ந்ததும் அவள் கை தானாகப் பெல்ட்டை இழுத்தது. இழுத்த பெல்ட்டை மாட்டப் பூட்டு இல்லை. மெத்தைக்கு அடியில் விரலுக்குத் தட்டுப்பட்டது.

"அண்ணே, வண்டியை எடுக்காதே."

"ஏன், எதையாவது மறந்துட்டியா?"

"நீ மறந்துட்ட." கைப்பையிலிருந்து கத்தரியை எடுத்தாள்.

அண்ணன் திரும்புவதற்குள் மெத்தை கிழியும் சத்தம் கேட்டது. பஞ்சு எட்டிப் பார்த்தது. அவர் இறங்கி ஓடிவந்து பின்கதவைத் திறந்தார். டீக்கடையிலிருந்தவர்கள் டம்ளரோடு எழுந்து வந்துவிட்டார்கள். பாதித் தெருவே வேடிக்கை பார்த்தது.

"உனக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு? புது வண்டி! நல்ல காரியமா கிளம்பறப்போ கத்தரியை வெச்சு... இறங்கு. இறங்குடி கீழே!"

"இறங்கறேன். அண்ணி பக்கத்தையும் வெட்டிட்டு இறங்கறேன்."

சொன்னபடியே வெட்டினாள். இரண்டாவது பூட்டையும் வெளியே இழுத்தாள். அண்ணி யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் விழித்தாள். அந்த அம்மாளின் குறுக்கே பெல்ட்டை இழுத்துப் பூட்டில் மாட்டி, 'டக்' என்ற சத்தம் கேட்டபிறகுதான் கத்தரியக்கா காலைக் கீழே வைத்தாள். "அத்தை..." என்று முன்சீட்டிலிருந்து அழுகைக் குரல் வந்தது. "நீ போய்ட்டு வா கண்ணு. நான் பஸ்ல வந்து பாக்கறேன்" என்றாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் அண்ணன் சாக்குமூட்டையைத் தூக்கிப் போட்டார். "நாளைலேருந்து கடைக்கும் வர வேண்டாம்" என்றார். கார் போய்விட்டது.

தெருவுக்கு நடுவில் கத்தரியும் கையுமாக நின்றவளுக்கு அவமானத்தில் காது சுட்டது. இத்தனை வருடத்து வேலை போயிற்று. கூடப் பிறந்தவனும் போனான். டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். "சிரிங்க, சிரிங்க. உங்க வண்டிக்கும் வர்றேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் அழுதாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. பாத்திரங்களையெல்லாம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கார் வந்து வாசலில் நின்றது. அண்ணன் இறங்கினார். நெற்றியில் பெரிய பிளாஸ்திரி.

"பாத்தியா? போய்ட்டு வந்துட்டோம். அந்த ரகளை பண்ணினியே, ஒண்ணும் நடக்கல."

"நெத்தியில என்ன?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன்."

அவள் அவரைத் தாண்டிப்போய்க் காரைப் பார்த்தாள். பம்பர் ஓரத்தில் கழுவியும் போகாத மண். பின்கதவைத் திறந்தாள். முன்சீட்டின் முதுகில் கையை வைத்துத் தடவினாள். மகள் உட்கார்ந்திருந்த சீட். உள்ளங்கை பள்ளத்தில் இறங்கியது. பழகிய பள்ளம்தான்.

"இது யாரு முழங்கால்?" என்று கேட்டாள். திரும்பவும் கேட்டாள், இந்த முறை தெருவுக்கே கேட்டது.

பின்சீட்டில் உட்கார்ந்திருந்த அண்ணிதான் பதில் சொன்னாள். அண்ணனுக்கு எதிராக அந்த அம்மாள் வாய் திறந்து அதுவரை யாரும் கேட்டதில்லை. "முழங்கால் இல்லம்மா, குக்கர். வளைவுல டிரெய்லர் ஒண்ணு நின்னுட்டிருந்துது. பின்னாடி விளக்கு இல்ல, அடையாளத்துக்கு ஒரு கிளையைக்கூட ஒடிச்சுப் போடல. இவரு ஸ்டீயரிங்கைத் திருப்பினாரு, வண்டி வாய்க்கால்ல போய்க் குத்தி நின்னுது. மூட்டை பறந்துது." கழுத்தோரத் துணியை விலக்கிக் காட்டினாள். தோளிலிருந்து குறுக்கே நீலமாக ஒரு கோடு. "நான் பறக்கல."

"பொண்ணு?"

"முதுகு வலிக்குதாம். நல்லா இருக்கா. இன்னிக்கு வேலைல சேந்துட்டா."

கத்தரியக்கா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அதைத் துடைத்துக்கொண்டே அண்ணனைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது.

"டிரெய்லரை இடிக்கலையே" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "அதான் சொன்னேன், ஒண்ணும் நடக்கலேன்னு."

"ஒண்ணும் நடக்கக் கூடாதுன்னுதானே வெட்டினேன்!"

அண்ணன் காரின் பின்கதவருகே போனார். பிறகு பின்சீட்டைக் காட்டி, "வெட்டின இடத்துல பிசிறு தெரியுது. ஓரம் அடிச்சுக் குடு" என்றார். தைத்து மூடு என்று சொல்லவில்லை.

"அடிக்கறேன். பெரிய மெஷின்லதான் அடிப்பேன்."

"சரி."

"மில்லுக்காரர் வண்டியையும் கூப்பிடு."

"கூப்பிடறேன்."

"அந்த ஜாடி?"

அவர் முனகினார். எதிர்க்கடை, வியாபாரம் என்று ஏதோ தொடங்கினார். அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கத்தரியை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் கடைக்கு நடந்தாள். பெரிய மெஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்து, ஊசியில் நூலைக் கோத்து, மிதியில் காலை வைக்காமல் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். அவளைப் பார்த்ததுமே எழுந்து இடம் கொடுத்திருந்த மெத்தைக்காரர் சுவரோரமாக நின்றார்.

அண்ணன் ஜாடியை எடுத்து வந்தார். அவள் காலடியில் இருந்த வெட்டுத்துணிக் கூடையில் கவிழ்த்தார். கிளிப்புகள் சலசலவென்று விழுந்தன. அவள் காலை மிதியில் வைக்கப் போனபோது, "இரு" என்றார். சட்டைப் பைக்குள் கையை விட்டுத் துழாவி, தன் சீட்டின் பெல்ட் பூட்டிலிருந்து கழற்றி வைத்திருந்த கிளிப்பை எடுத்தார். நெற்றிப் பிளாஸ்திரியை ஒருமுறை தொட்டுக்கொண்டு, அதையும் கூடையில் போட்டார்.