பின் பெஞ்சில் உயர்ந்த பேனா

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் கண்டக்டர் டீச்சர். பதினோரு வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவள், முப்பத்தெட்டு வயதில் அந்த வேலையை உதறிவிட்டு, ஓராண்டு முழுக்கப் பள்ளியிலேயே இருந்து பாடம் நடத்தக் கற்றுக்கொள்ளும் பயிற்சியில் சேர்ந்தாள். அவளுக்குப் பொறுப்பான ஆசிரியைக்கு வயது இருபத்தாறுதான். வகுப்புக்குள் இவள் அந்தப் பெண்ணை 'மேடம்' என்பாள்; வெளியே வந்தால் அந்த மேடமே இவளை 'அக்கா' என்பாள். என்ன கூத்து பாருங்கள்!

இருவருக்குள்ளும் ஓர் ஏற்பாடு உண்டு. இவள் பாடம் நடத்தும்போது மேடம் பின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். பேனாவைத் தூக்கினால் பிள்ளைகளுக்குப் புரியவில்லை, மறுபடி சொல்ல வேண்டும். நோட்டை மூடினால் அடுத்ததற்குப் போகலாம். ஏழு மாதம் வண்டி இப்படித்தான் ஓடியது.

அன்று தேர்வாளர் வந்து அவள் வகுப்பைப் பார்க்கும் நாள். தேறாவிட்டால் பயிற்சியிலிருந்து கழற்றிவிடுவார்கள். பழைய வேலைக்கும் திரும்ப முடியாது. அங்கே வேறு ஆள் வந்தாயிற்று. காலையில் அவளுக்கு ஒரு வாய்கூட உள்ளே இறங்கவில்லை.

"பஸ் நிறைய ஜனத்தைச் சமாளிச்சவ, முப்பத்தாறு வாண்டுங்களுக்கா பயப்படற?" என்றான் கணவன்.

"உங்களுக்கென்ன, ஈஸியா சொல்லிட்டுப் போயிடுவீங்க" என்று எரிந்து விழுந்தாள்.

மேடத்தை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். பின் பெஞ்சில் தேர்வாளர். அரையும் காலும் சேர்ந்தால் முக்கால் என்று பலகையில் வட்டம் போட்டு விளக்கினாள். பேனா உயர்ந்தது. அவளுக்குப் பகீரென்றது. மறுபடி விளக்கினாள். திரும்பவும் பேனா உயர்ந்தது. காகிதத்தை மடித்துக் காட்டினாள். மூன்றாம் முறையும் அந்தப் பாழாய்ப்போன பேனா! இன்னொரு வட்டம் போடப் போனபோது முன் வரிசைச் சிறுமி எழுந்தாள்.

"டீச்சர், எங்களுக்கு அப்பவே புரிஞ்சிடுச்சு. ஏன் திரும்பத் திரும்ப அதையே சொல்றீங்க?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

மணி அடித்ததும், வராந்தாவில் தேர்வாளரும் அதையே கேட்டார். அவள் மேடத்தோடு செய்துகொண்ட ஏற்பாட்டை மென்று விழுங்கிச் சொன்னாள். "நீங்களும் பேனாவைத் தூக்கினீங்களே சார்."

"அடக் கடவுளே! எழுத மாட்டேங்குதேன்னு உதறிட்டிருந்தேன்மா."

அவளுக்கு அவமானத்தில் காதெல்லாம் சுட்டது.

"பாடம் நல்லாத்தான் நடத்துறீங்க" என்றார் அவர். "திங்கட்கிழமை இன்னொரு தடவை எடுங்க. வகுப்புல நானும் இருக்க மாட்டேன், உங்க மேடமும் இருக்க மாட்டாங்க."

"அப்போ எப்படி சார் மார்க் போடுவீங்க?"

"முடிஞ்சதும் பிள்ளைங்ககிட்ட கேட்டுக்கறேன்."

அவர் போய்விட்டார். இன்றைக்கு யார் யாருக்குப் புரியாமல் போயிருக்கும் என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். எழுந்து கேட்ட சிறுமியைத் தவிர, மீதி முப்பத்தைந்து பேரில் ஒரு முகம்கூட நினைவுக்கு வரவில்லை.